இருபத்திரெண்டு சுத்து

ஜூடியிடம் பொய் சொல்லித் தப்பித்தவர்கள் எர்ணாவூரில் யாரும் கிடையாது. இதைச் சொன்னது ஜூடிதான். நாங்களும் பல வருஷம் நம்பினோம். அவள் சொல்கிற விதம் அப்படி.

எங்கள் சுனாமிக் குடியிருப்பில் பி பிளாக், மூன்றாவது மாடி அவளுடையது. விடியற்காலை ஷேர் ஆட்டோ பிடித்து காசிமேடு போவாள். ஏலத்தில் நெத்திலி, சங்கரா, கானாங்கத்தை என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு எட்டு மணிக்குள் தெருமுனையில் கூடையை இறக்கிவிடுவாள். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனையும் வாங்கியதில்லை. மனிதர்களிடமும் அவளுக்கு அப்படி ஒரு இடம் உண்டு. கேள்வியைக் கேட்டுவிட்டுத் தொண்டையைப் பார்ப்பாள். எச்சில் விழுங்கினால் பொய். அவ்வளவுதான் சட்டம்.

ஒருமுறை மோட்டார் ரூம் சாவி காணாமல் போனது. நாலு பேரை நிற்கவைத்துக் கேட்டாள். பஞ்சர் கடை தௌசீஃப் விழுங்கினான். அரை மணி நேரம் அவனைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டதில், "ஆமாக்கா, எங்கியோ உட்டுட்டேன்" என்று ஒத்துக்கொண்டான். சாவி கடைசி வரை கிடைக்கவில்லை. புதுப் பூட்டு தௌசீஃப் வாங்கிக் கொடுத்தான். பார்த்தீங்களா என்று ஜூடி எங்களைப் பார்த்துத் தலையாட்டினாள். விழுங்காத மூன்று பேரில் யார் எடுத்திருப்பார்கள் என்று அன்றைக்கு யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

இனி சொல்லப்போவதில் பாதி நான் பார்த்தது, பாதி ஜூடி சொன்னது. அவள் சொன்னதை நான் நம்புகிறேன். வேறு என்ன செய்வது?

அவள் புருஷன் அம்புரோஸுக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு தனியார் கம்பெனியில் வேலை. கம்பெனி பேர் வேண்டாம். கப்பலில் வருகிற பாமாயிலைக் குழாய் வழியாக இழுத்துப் பெரிய தொட்டிகளில் நிரப்பி, லாரிகளில் அனுப்புகிற இடம். குழாய் கழிமுகத்தின் ஒரு வாய்க்காலைத் தாண்டி வரும். கப்பல் வேலை முடிந்ததும் குழாயில் தங்கிய மிச்ச எண்ணெயை ஒரு குழிக்குள் வடிய விடுவார்கள். அதற்கு ஒரு வடிகால் வால்வு. வடிந்தபின் அதன் சக்கரத்தைத் திருப்பி மூட வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அம்புரோஸ் அந்தச் சக்கரத்தைத் திருப்புகிறான். தோளில் ஒரு பக்கம் மட்டும் சதை கூடியிருக்கும். மகள் செங்கல்பட்டில் நர்சிங் படிப்பது அந்தத் தோளால்தான்.

மார்கழி பிறக்க நாலு நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கே, கம்பெனிச் சட்டையோடு, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வீட்டுக்கு வந்து நின்றான். ஜூடி மீதி மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா, ஷிப்டு மூணு மணிக்குத்தான முடியும்?"

"அனுப்சிட்டாங்க."

"ஏன்?"

"எண்ணெ கழிமுகத்துல பூந்துடிச்சி. ராவு கப்பல்லேர்ந்து இஸ்துகினு இருந்தாங்கோ. வடிகால் வால்வு தெறந்து கெடந்துச்சாம், குழி ரொம்பி வாய்க்கால்ல பூட்ச்சாம். நேத்து மத்தியானம் நான்தான மூடினது, அதான் என் தலைல கட்றாங்க."

"மூடுனியா?"

"மூடினேன். இருவத்திரெண்டு சுத்து. எண்ணாம நான் மூடவே மாட்டேன், உனுக்குத் தெரியாதா? அப்பால ஸ்பானரால ரெண்டு தட்டு."

"என்னிய பாத்து சொல்லு. மூடுனியா?"

"மூடினேன் ஜூடி."

அவன் குரல்வளை மேலே போய்க் கீழே வந்தது. ஜூடி உப்புக் கையைக் கழுவாமலே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

காலை ஆறு மணியிலிருந்து மூன்று ஆபீசர்கள் முன்னால் நின்றவன் அவன். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. வேலை போய்விடுமோ, போலீஸ் வருமோ என்று பஸ்ஸில் வியர்த்துக்கொண்டே வந்தவன். எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டில் ஜூடி கேட்பாளே என்ற பயம் வேறு. அப்படிப்பட்டவன் விழுங்காமல் என்ன செய்வான்? இதை நான் இன்றைக்கு உட்கார்ந்து சொல்கிறேன். அன்றைக்கு எனக்கும் தெரியாது.

"தோ பாரு, வேல பூட்டா பரவால்ல" என்றாள் ஜூடி. "எங்கிட்ட மட்டும் பொய் சொல்லாத."

"இன்னா பொய்யி? அந்த பைப்பே உளுத்துப் போயி கீது. ஐப்பசி மழைலயே திருமலை சார் கையில சொன்னேன், வாய்க்கால் மேல போற எடத்துல அடியில துரு கொட்டுது சார்னு. பாக்கலாம்னாரு."

"அத்த ஏன் இப்ப சொல்ற? மொதல்லயே சொல்லி இருக்கணும்ல?"

"நீ எங்க கேட்ட?"

வால்வைப் பற்றிக் கேட்டால் பைப்பைப் பற்றிப் பேசுகிறான். பேச்சை மாற்றுகிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலையில் கேட்டாள். மத்தியானம் கேட்டாள். அவன் பால்கனியில் போய் நின்றால் பின்னாலேயே போய்க் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். எத்தனை மணிக்குக் குழிப் பக்கம் போனாய், யார் கூட இருந்தது, எந்தக் கையால் திருப்பினாய்.

"அப்பால ஸ்பானரால ஒரு தட்டு தட்டிட்டு வந்துட்டேன்."

"நேத்து ரெண்டு தட்டுன்ன."

"ரெண்டு தட்டுதான்."

"இப்ப ஒண்ணுன்ன."

"ஒண்ணோ ரெண்டோ தட்டினேன்டி! தினிக்கும் செய்ற வேல, அத்த போயி எண்ணிகினா இருப்பாங்க?"

"சுத்து மட்டும் எண்ணுவ, தட்டு எண்ண மாட்ட."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனான். அதையும் அவள் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வியாழக்கிழமை அவள் தம்பி அலெக்ஸாண்டர் வந்தான். கழிமுகத்தை ஒட்டிய குப்பத்தில் இருக்கிறான். அவனுக்குப் படகு இல்லை, வலை இல்லை. கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, சேற்றில் கையால் துழாவி இறால் பிடிப்பவன். பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, தொட்டதைத் தொட்டதும் உள்ளே போட வேண்டும். கண்ணுக்கு அந்தத் தொழிலில் வேலையே இல்லை, விரல்தான் எல்லாம். அன்றைக்கு அவன் இரண்டு கையையும் முழங்கை வரை நீட்டிக் காட்டினான். சோப்புப் போட்டும் மஞ்சள் போகவில்லை.

"இந்த குளிருக்கு எண்ணெ கட்டி கட்டியா ஒறஞ்சிகினு கீதுக்கா. சேத்துல கைய வுட்டா டால்டா டின்னுல வுட்டா மாரி கீது. எறாலு பொந்தெல்லாம் அடச்சிகிச்சி. மேல வந்து மெதக்குது செத்து. கலீஜா நாறுது."

ஜூடி அவனுக்கு டீ ஆற்றிக் கொடுத்தாள். அம்புரோஸ் மாதா படத்துக்குக் கீழே, கேட்காதவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"கம்பெனிக்காரன் ஆள வுட்டு பேசிகினு கீறான்" என்றான் அலெக்ஸாண்டர். "ஒர்த்தன் கவனமில்லாம வால்வ மூடலை, அது விபத்து மாரி, அதனால ஆளுக்கு ஒரு மூட்ட அரிசியும் அஞ்சாயிரமும் வாங்கிக்கோன்றான். வாங்கிகினா அதோட முடிஞ்சிது. பைப்பு உளுத்துப்போயி வந்ததுன்னா கத வேற. பைப்ப மாத்தணும், கழிமுகத்த சுத்தம் பண்ணணும், தொழில் இல்லாத நாளுக்கெல்லாம் அவன் பதில் சொல்லணும். நாளு ஆவ ஆவ எண்ணெ அடில போயி ஒக்காந்துக்கும். அப்பால நாங்க எல்லாம் எங்க போறது?"

"அதுக்கு?"

"திங்கக்கெழம கவர்மெண்டு ஆபீசருங்க வந்து பாக்கறாங்கோ. அதுக்கு மின்ன நாங்க ஒரு முடிவு சொல்லணும். மாமா கையில ஊரே வந்து கேட்டா நல்லா இருக்காது. நீ கேளு. அக்கா சொன்னா போதும்னு எல்லாரும் சொல்லிட்டாங்கோ. உன் கையில எவனும் பொய் சொல்ல முடியாதுன்னு குப்பத்துக்கே தெரியும்."

அறுபத்தொரு குடும்பம். அவ்வளவு பேரும் அவளுடைய ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தார்கள். ஜூடிக்கு அதில் பெருமை வந்திருக்கலாம், வரவில்லை. பயம்தான் வந்தது. அவளுக்குத்தான் விடை ஏற்கனவே தெரியுமே. தம்பி முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் அவளைத் தின்றது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் திருமலை வந்தார். அம்புரோஸுக்கு மேலே ஷிப்ட் இன்சார்ஜ். இஸ்திரி போட்ட சட்டை, கையில் கிறிஸ்துமஸ் கேக் டப்பா. மூன்று மாடி ஏறியும் மூச்சு வாங்கவில்லை.

"அம்புரோஸ் எனக்குத் தம்பி மாதிரி தங்கச்சி" என்று ஆரம்பித்தார். "பன்னெண்டு வருஷமா பார்க்கிறேன். அவன் மேல ஒரு ரிமார்க் கிடையாது. மனுஷன்தானே, மறந்திருப்பான். வால்வு மூணு சுத்து திறந்து இருந்ததை நான் என் கண்ணால பார்த்தேன்."

ஜூடி சோறு போட்டு, சங்கராக் குழம்பு ஊற்றி, நெத்திலி வறுவல் வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் தொண்டையில் என்ன தெரியும்? அதனால் அவர் கை கழுவி, துண்டில் துடைத்து, உட்காரும்வரை பொறுத்திருந்து கேட்டாள்.

"சார், நெசமாலுமே வால்வு தெறந்துதான் இருந்துதா?"

"மூணு சுத்து திறந்து இருந்ததை நான் என் கண்ணால பார்த்தேன் தங்கச்சி."

அதே வார்த்தை, அதே வரிசை. தொண்டை அசையவில்லை. பார்வையை அவள் மேலிருந்து எடுக்கவுமில்லை. ஆபீசில் நாலு இடத்தில் சொல்லிச் சொல்லிப் பழகி வந்த வாய். தன்னை யாரும் சந்தேகப்படவில்லை என்று தெரிந்தவனுக்கு எச்சில் ஏன் வறளப் போகிறது?

"பைப்பு துருப்பிடிச்சி கீதுன்னு இவுரு சொல்றாரே."

"போன வருஷம்தான்மா பெயிண்ட் அடிச்சோம். வேணும்னா வந்து பார்க்கச் சொல்லு, கண்ணாடி மாதிரி இருக்கும்."

அம்புரோஸ் தலையைத் தூக்கினான். "மேல பெயிண்டு கீது சார். அடியில..."

"அம்புரோஸ்." திருமலை குரலை உயர்த்தவே இல்லை. "நான் உனக்காகத்தான் வந்திருக்கேன். மறந்துட்டேன்னு ஒரு லெட்டர் கொடு. ஒரு மாசம் சஸ்பென்ஷன், அப்புறம் நான் உள்ளே எடுத்துடுவேன், என் பொறுப்பு. இல்லை, மூடினேன் மூடினேன்னு நின்னா கேஸ் ஆகும். பொண்ணு படிக்கிறா. யோசிச்சுக்கோ." ஜூடியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

"பாத்தியா, எவ்ளோ நல்ல மனுசன்" என்றாள் ஜூடி.

அம்புரோஸ் கேக் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் எல்லா வீட்டு வாசலிலும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எரிந்தது. ஜூடி வீட்டில் மட்டும் விளக்கே போடவில்லை. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இருப்பது அரைச் செங்கல் சுவர். கேட்காமல் இருக்க முடியாது.

"சஸ்பென்ஷன் பண்ணா நான் இன்னும் ரெண்டு கூட மீனு எடுத்து விக்கிறேன்யா. பசங்களா நாம? பொண்ண படிக்க வெக்க மாட்டோமா? ஆனா என் தம்பி கை ரெண்டும் எண்ணெயில ஊறிகினு கீது. அவனாண்ட நான் பொய் சொல்லணுமா? உனுக்காக?"

"மூடினேன் ஜூடி."

"உன் தொண்டய போயி கண்ணாடில பாரு."

"தொண்டய இன்னாத்த பாக்கறது? மூணு நாளா சோறு எறங்கல."

"மனசுல குத்தம் இருந்தா எப்டி எறங்கும்? சொல்லிட்டா எறங்கும். பெரிய தப்பு ஒண்ணும் இல்லய்யா, மறந்துட்ட. ஆண்டவரே மன்னிப்பாரு. நான் மன்னிக்க மாட்டனா? எத்த நான் மன்னிக்கல?"

கீழே கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"மூடலயா?" அவள் குரல் இளகிவிட்டது. "சொல்லு. மூடலதான?"

"மூடல."

"இன்னா?"

"மூடல ஜூடி. மறந்துட்டேன். ரெண்டு மூணு சுத்து பாக்கி உட்டுட்டேன்."

அவள் பாய்ந்து போய் விளக்கைப் போட்டாள். அவன் நேராக அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தொண்டை அசையவில்லை. முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை, களைப்புதான். ஜூடி அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு ஆசை தீர அழுதாள். மத்தியானக் குழம்பைச் சுடவைத்துப் போட்டாள். மூன்று நாளுக்குப் பிறகு அவன் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். அதுவும் அவளுக்கு ஒரு சாட்சி. பிறகு பால்கனிக்குப் போய்த் தம்பிக்குப் போன் போட்டாள்.

"கேட்டுட்டேன்டா. மாமாதான் மூடல. ஒத்துகினாரு. பைப்பு கிய்ப்புன்னு நீங்க அலையாதீங்கோ."

சனிக்கிழமை அம்புரோஸ் கம்பெனிக்குப் போய் லெட்டரில் கையெழுத்துப் போட்டான். மத்தியானம் குப்பத்துக்கு அரிசி மூட்டைகளோடு வேன் வந்தது. அறுபத்தொரு குடும்பமும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டது. தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று டைப் அடித்த தாளில் கையெழுத்துப் போட்டார்கள். சாயங்காலம் ஜூடி வாசலில் நட்சத்திரம் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஜூடி கறி வெட்டிக்கொண்டிருந்தபோது அலெக்ஸாண்டர் வந்தான். அரைக்கால் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. படிக்கட்டு முழுக்க அவன் காலடி சேறாக இருந்தது. உட்காரவில்லை.

"மாமா எங்க?"

"இன்னாடா இது கோலம்?"

"மாமாவ கூப்டு."

அம்புரோஸ் உள்ளிருந்து வந்தான். அலெக்ஸாண்டர் மூடியிருந்த கையை அவன் முன்னால் விரித்தான். உள்ளங்கையில் தகடு தகடாகத் துரு.

விஷயம் இதுதான். காலையில் தண்ணீர் வற்றியிருந்தது. ஒரு கை இறாலாவது கிடைக்குமா என்று அவன் வாய்க்காலில் இறங்கியிருக்கிறான். கம்பெனிக் குழாய்க்கு அடியில் குனிந்து போகும்போது கையை மேலே ஊன்றினான். விரலில் வழவழவென்று ரப்பர் பட்டது. பழைய குழாயில் புது ரப்பருக்கு என்ன வேலை என்று துழாவினான். ரப்பரைச் சுற்றி இரும்புப் பட்டை, புது போல்ட். எண்ணெய் கொட்டியபின் அவசரமாகப் போட்ட கட்டு, போல்ட்டைத் தளர்த்திப் பட்டையை நகர்த்தினால் பின்னால் ஓட்டை. நாலு விரலும் உள்ளே போனது. மேலே பெயிண்ட் பளபளவென்றுதான் இருந்தது, திருமலை சொன்ன மாதிரியே. வடிகால் வால்வு அங்கிருந்து அறுபது அடி தள்ளி. போனில் படமும் எடுத்திருந்தான்.

"மாமா, நெசத்த சொல்லு. வால்வ மூடுனியா, மூடலயா?"

அம்புரோஸ் ஜூடியைப் பார்த்தான். இவளிடம் எதைச் சொல்வது என்று தெரியாத பார்வை அது.

"மூடினேன்" என்றான். விழுங்கினான்.

ஜூடி கத்தியைக் கீழே வைத்தாள். "அப்பறம் ஏன்யா மூடலன்னு சொன்ன?"

"நீதான் கேட்டுகினே இருந்தியே."

"கேட்டா? கேட்டா செய்யாதத்த செஞ்சேன்னு சொல்லுவியா?"

"மூடினேன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? வுட்டியா? மூடலன்னு ஒரு வாட்டி சொன்னேன், வுட்டுட்ட. சோறு போட்ட. கட்டிகினு அழுத." அவன் தன் தோளைத் தேய்த்துக்கொண்டான். "நீயே நம்பலன்னா ஆபீசரு எங்க நம்பப் போறான்னு பட்டுச்சி. மெய்யாலுமே மூடலயோன்னு எனுக்கே டவுட்டு வந்துடிச்சி ஜூடி. ராவெல்லாம் சுத்து எண்ணி பாத்துகினு இருந்தேன். ஒரு வாட்டி பத்தொம்பதுல நிக்குது. ஒரு வாட்டி இருவத்திரெண்டு வருது."

அலெக்ஸாண்டர் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அறுவத்தோரு கையெழுத்துக்கா" என்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் திட்டவில்லை.

கறியை அப்படியே மூடி வைத்துவிட்டு மூன்று பேரும் குப்பத்துக்குப் போனார்கள். அந்தோணியார் சிலை இருக்கிற சின்னக் கெபிக்கு முன்னால்தான் அங்கே கூட்டம் போடுவார்கள். காற்றில் எண்ணெயும் செத்த இறாலும் கலந்த நாற்றம். ஜூடி கெபியின் படியில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். தான் விடாமல் கேட்டது, அவன் சோர்ந்துபோய் ஒத்துக்கொண்டது, லெட்டர் அதனால் எழுதியது, எல்லாம். மறைக்கவில்லை. அவள் வாழ்க்கையில் அவ்வளவு பேர் முன்னால் அவ்வளவு உண்மை பேசியதில்லை.

முதலில் பேசியது சுகிர்தம். கருவாடு போடுகிறவள், ஜூடியோடு ஒரே கூடையில் மீன் எடுத்தவள்.

"வெள்ளிக்கெழம நீ அப்டி சொன்ன. இன்னிக்கி இப்டி சொல்ற. எத்தம்மா நாங்க நம்பறது?"

"இதான் நெசம் சுகிர்தம்."

"அன்னிக்கும் நெசம்னுதான சொன்ன?"

"அன்னிக்கி எனுக்குத் தெரியாது."

"புருசன் வேல போவுதுன்னதும் தெரிஞ்சிதா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஜூடிக்கு முகம் எரிந்தது. சத்தியமாகச் சொல்றேன் என்று கெபியில் அடிக்கப் போன கையை அலெக்ஸாண்டர் பிடித்துக்கொண்டான். நம்பாதவர்களுக்கு சத்தியமும் ஒன்றுதான், பேச்சும் ஒன்றுதான். ஓட்டையை மட்டும் எல்லோரும் போய்த் தொட்டுப் பார்த்தார்கள். அதில் சண்டை இல்லை. ஆனால் திங்கட்கிழமை ஆபீசர்கள் கையில் அம்புரோஸின் லெட்டரும் அறுபத்தொரு கையெழுத்தும் இருக்கும். ஓட்டை எப்போது விழுந்தது என்று கம்பெனி கேட்கும். ராத்திரிக்குள் குழாயை மாற்றிவிடாமல் நாலு பேர் முறைபோட்டுக் காவல் இருப்பது, லெட்டர் மிரட்டி வாங்கியது என்று அம்புரோஸ் வந்து சொல்வது, இந்த அளவுக்குப் பேசி முடித்தார்கள். அவன் சொன்னால் எடுபடுமா என்று யாருக்கும் நிச்சயமில்லை. ஒருமுறை ஒத்துக்கொண்டவனை யார் நம்புவார்கள்?

பொழுது சாய ஷேர் ஆட்டோவில் திரும்பினார்கள். பின் சீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். ரோட்டோரம் மணலி வரைக்கும் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்றன. ஜூடிக்கு நெஞ்சுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே வந்தது. அதைக் கேட்காமல் விட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"யோவ்."

"ம்."

"இதுக்கு மின்ன எப்பனா இப்டி பண்ணி கீறியா?"

"எப்டி?"

"செய்யாதத்த செஞ்சேன்னு ஒத்துகினு."

அம்புரோஸ் வெளியே பார்த்தான். "அத்தெல்லாம் வுடு ஜூடி."

"சும்மா சொல்லு. கோவப்பட மாட்டேன்."

"சின்னச் சின்னதா எவ்ளவோ. எண்ணியா வெச்சிருக்கேன்?"

"பெருசா எதுனா?"

ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"ஜெஸ்லின்" என்றான்.

ராயபுரம் கோயில் பாடகர் குழுவில் பாடிய பெண் ஜெஸ்லின். கல்யாணமான இரண்டாவது வருஷம், அவளுக்கும் அம்புரோஸுக்கும் ஏதோ இருக்கிறது என்று யாரோ சொன்னதை ஜூடி காதில் வாங்கினாள். அஞ்சு நாள் விடாமல் கேட்டாள். அஞ்சாம் நாள் அவன் ஆமாம் என்றான். ஜூடி வயிற்றில் அப்போது ஆறு மாசம். அழுது தீர்த்து, மன்னித்தாள். அன்றிலிருந்து பதினெட்டு வருஷமாக மன்னித்துக்கொண்டே இருக்கிறாள். அவள் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான் என்று தனக்குள் வைத்திருந்தாள். ஜெஸ்லினைக் காசிமேட்டில் எதிரே பார்த்தால் காறித் துப்பிவிட்டு அந்தப் பக்கம் போவாள். அந்தப் பெண் ஏன் என்றுகூட ஒருநாள் கேட்டதில்லை.

"அந்தப் பொண்ணு கூட நான் நின்னு ஒரு வார்த்த பேசினது கெடையாது" என்றான் அம்புரோஸ். "நீ பேரச் சொல்லி கேட்ட. நீ மாசமா வேற இருந்த, சாப்பிடாம கெடந்த. ஆமான்னேன்."

ஜூடி அவனைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், தொண்டையைப் பார்த்தாள். எதிரே வந்த லாரி வெளிச்சத்தில் எல்லாம் நன்றாகவே தெரிந்தது. ஒன்றும் தெரியவில்லை. உண்மையாக இருக்கலாம். இன்றைக்கு அந்த ஓட்டை தன் பக்கம் சாட்சி சொன்னதும், பழைய கறையையும் கையோடு துடைத்துக்கொள்கிறானோ என்னவோ. இருபது வருஷம் ஒரே பாயில் படுத்தவன். அவனைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் கேட்டு வாங்கியதுதான்.

'நெசமாவா' என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

கேட்டால் ஆமாம் என்பான். நம்பாமல் இன்னொரு தடவை கேட்டால், இன்னும் ஒரு தடவை கேட்டால், அவள் எதை எதிர்பார்க்கிறாளோ அதைக் கொடுத்துவிடுவான். அது அவளுக்கு இப்போது தெரியும்.

"அக்கா, எங்க எறங்கணும்?" என்றான் டிரைவர்.

ஜூடி முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயை இறுக்கி மூடியபடி உட்கார்ந்திருந்தாள். இறங்குகிற இடத்தை அம்புரோஸ்தான் சொன்னான்.